சமாதியா? நடுகல்லா?

'எபிடாஃப்' என்னும் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று படித்த நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். "சமாதி வாசகம்" என்பார் ஒருவர். "அது மேல்நாட்டு வழக்கமாயிற்றே, தமிழில் அதற்குச் சொல் ஏது?" என்பார் மற்றொருவர். முன்னவர் இரவல் வாங்குகிறார். பின்னவர் இருப்பதையே இல்லை என்கிறார். இருவருக்கும் மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

கிரேக்க மொழியில் 'எபி' என்றால் மேல். 'தாஃபோஸ்' என்றால் புதைகுழி. போரில் மாண்டோருக்காக ஏதென்சு நகர மக்கள் முன் ஆற்றப்பட்ட உரையும் இச்சொல்லின் வழியே பெயர் பெற்றது. மாண்டவன் மாண்டான், அவன் செயலை மறவோம் என்பதே அதன் கருத்து. நேர்மையான சொல்!

'சமாதி'யோ வடசொல். உள்ளம் ஒடுங்கிய யோகநிலைக்கு அது பெயர். துறவி சாகவில்லை, அந்நிலையில் ஆழ்ந்திருக்கிறார் என நம்பியோர், அவரைப் புதைத்த இடத்துக்கும் அப்பெயரைச் சூட்டினர். நாளடைவில் எல்லாக் கல்லறைக்கும் அது பரவியது. சாவை மறைக்கப் பிறந்த வழக்கு, சாவின் அடையாளத்துக்கே பெயராகிவிட்டது! இந்த இரவல் நமக்கு எதற்கு?

நம்மிடம் இல்லையா சொல்? நடுகல் இருக்கிறதே! நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என முக்காலமும் அடங்கிய வினைத்தொகை அது. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. மேல்நாட்டு வழக்கமா இது?

ஏட்டை நம்பாதவர் கல்லையாவது நம்பட்டும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. கிறித்து பிறப்பதற்கு முந்தையவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். ஒன்றில் கூடலூர் ஆகோள் பற்றியும், தீயன் அந்தவன் என்பானைப் பற்றியும் செய்தி உண்டு. மன்னன் மெய்க்கீர்த்தி அன்று. ஆநிரைப் பூசலில் வீழ்ந்தவனின் பெயர். அக்கல்லின் முதற்சொல்லே 'கல்' என்பதுதான்! செங்கம் பகுதி எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று, எருமைகளைக் காக்கும் பூசலில் மடிந்த கருந்தேவக்கத்தியைச் சொல்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. நாய்க்கும் நன்றி பொறித்த மொழியில் சொல் இல்லையாம்!

பழமை என்பதற்காகவே பாராட்டுகிறோமா? இல்லை. ஆநிரை கவர்தல் கொள்ளைதான். நடுகல்லுக்குக் கள்ளும் படையலும் வைத்தவர்களும் நம் முன்னோரே. கணவனோடு எரிந்த பெண்களுக்கு நட்ட சதிக்கற்களும் இம்மண்ணில் உண்டு. அவை பெருமையல்ல, வடு. நாம் கேட்பது வணக்கமன்று, வாசிப்பு.

அந்த வாசிப்புக்குத்தான் இன்று தடை. தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் நடுகற்கள் பல வேடியப்பன் என வழிபடப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மூடுகின்றன. மனிதன் கடவுளாகிறான், அவன் பெயர் அழிகிறது. இது ஏற்றமா, இரண்டாம் சாவா?

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் புறத்தே நிற்கும் கல்லை நாடிச் செல்லுங்கள். சுரண்டாதீர், பெயர்க்காதீர், படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். 'எபிடாஃப்' என்பதை நடுகல்லெழுத்து என்றே எழுதுங்கள். உங்கள் வீட்டு முதியவர் மறைந்தால், அவர் பெயரையும் அவர் செய்த தொழிலையும் கல்லில் பொறியுங்கள். சாதிப் பட்டம் வேண்டா. சமாதி என்னும் சொல்லும் வேண்டா. உழைத்து வாழ்ந்தவர் இவர் என்று அந்தக் கல் சொன்னால் போதும்.