முழங்கால் நோவுக்கு ஓய்வு மருந்தன்று

முழங்கால் தேய்ந்தவர் நடக்கக்கூடாது, நடந்தால் எஞ்சியிருக்கும் சவ்வும் தேய்ந்துபோகும் என்பது வேலணையிலிருந்து நெடுந்தீவு வரை யாழ்ப்பாணத் தீவகத்து முதியோரிடமும், அவர்களைப் பராமரிப்போரிடமும் ஊறிப்போன நம்பிக்கையாகும். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் பிள்ளைகள், “அம்மா, கோயிலுக்கு நடந்து போகாதேங்கோ, ஓட்டோ பிடியுங்கோ” என்று சொல்வதும் இந்த நம்பிக்கையினாலேயே. அன்பு உண்மையானது, அறிவுரைதான் பிழையானது.

மூட்டைக் கிணற்றுக் கப்பியின் அச்சாக எண்ணுவதே இப்பிழையின் வேர்: அச்சு உருள உருளத் தேயும், ஓய்ந்திருந்தால் தேயாது. மூட்டோ உயிருள்ள உறுப்பு. எலும்பு நுனிகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய்கள் இல்லாமையால், மூட்டினுள் ஊறும் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. பாரம் ஏறி இறங்கும்போதுதான் அத்திரவம் குருத்தெலும்பினுள் சென்று மீள்கிறது. அசையாதிருக்கும் மூட்டில் இந்த ஓட்டம் குன்றுவதோடு, முழங்காலைத் தாங்கும் முன்தொடைத் தசையும் மெலிந்து, அடுத்தமுறை எழும்பும்போது நோ இன்னும் கூடுகிறது. எக்ஸ்கதிர்ப் படத்தைக் காட்டி நடையைத் தடுப்பதும் பொருந்தாது. படத்தில் மிகுந்த தேய்வு தெரிந்தும் நோவின்றி நடப்போர் உண்டு, சிறு தேய்வோடு பெரிதும் வருந்துவோரும் உண்டு.

ஆய்வுச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, உடற்பயிற்சி முழங்கால் நோவை நூறு புள்ளி அளவுகோலில் சராசரியாக 12 புள்ளி குறைப்பதாக 2015இல் அறிவித்தது. 2024இல் 139 ஆய்வுகளைச் சேர்த்து மறுபடி கணித்தபோது, அப்பயன் நோயாளர் உணரத்தக்க அளவினதா என்ற ஐயம் எழுந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். பனடோல் என்ற பெயரில் வீடுதோறும் இருக்கும் பரசிற்றமோல், அதே அமைப்பின் 2019ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, வெற்றுக் குளிசையைவிட ஏறத்தாழ 3 புள்ளியே கூடுதலாக நோவைக் குறைத்தது. மூட்டினுள் ஏற்றும் ஸ்டீரொயிட் ஊசியையும் இயன்மருத்துவப் பயிற்சியையும் 156 நோயாளரிடம் ஒப்பிட்டு 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டின் முடிவில் பயிற்சி பெற்றவர்களே கூடுதல் நலமாயிருந்தனர்.

டைக்ளோபெனாக் போன்ற அழற்சி தணிக்கும் குளிசைகள் நோவைக் குறைப்பது மெய். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் மாரடைப்பு அபாயமும் அவற்றோடு வருவதும் மெய். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் ஏற்கனவே மருந்தெடுக்கும் முதியவருக்கு இது சிறிய விடயமன்று. அதே மருந்தைக் களிம்பாக முழங்காலில் பூசினால் இரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு. பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி பயிற்சியை முதன்மையாக வைத்து, முழங்காலுக்கு இப்பூச்சை முதல் மருந்தாகப் பரிந்துரைத்து, பரசிற்றமோலை வழமையாகக் கொடுப்பதையும் குளுக்கோசமினையும் ஒதுக்கியது. வெளிநாட்டுப் பொதிகளில் வந்திறங்கும் அந்தக் குளுக்கோசமின் 1583 பேரிடம் சோதிக்கப்பட்டு, 2006இல் வெளியான முடிவில், வெற்றுக் குளிசையை வெல்லவில்லை. பரியாரியாரின் எண்ணெயும் நொச்சியிலை ஒத்தடமும் தரும் சற்றுநேர இதத்தோடு எவருக்கும் பகையில்லை. எண்ணெய் பூசிவிட்டுப் படுத்துக்கிடப்பதுதான் தவறு.

தீவகத்தில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குத் தரைவழி. சோளகம் பெயர்ந்தால் கடலும் விடாது. தள்ளாடும் படகினுள் இறங்கி ஏறுவதற்கே தொடைவலு வேண்டும். ஓய்வென்று கிடந்தவர் முதலில் இழப்பது அதைத்தான். கதிரையில் நிமிர்ந்திருந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து மெல்ல இறக்குவதற்கும், கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து இருப்பதற்கும் படகும் வேண்டாம், பணமும் வேண்டாம். பயிற்சியின்போது சிறிது நோவது இயல்பு. மறுநாளும் கூடியிருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவை தேய்வினால் வரும் முழங்கால் நோவுக்கே; முடக்குவாதம் வேறு நோய். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் அந்நோயில் கைவிரல் மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இறுகிக்கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மெதொட்ரெக்சேற் போன்ற மருந்தைத் தாமதமின்றித் தொடங்காவிட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடக்கூடும். அவ்வறிகுறி உள்ளவர் எண்ணெயையோ பயிற்சியையோ மட்டும் நம்பியிராமல் யாழ்ப்பாணம் சென்றே ஆகவேண்டும். ஏனைய முழங்கால் நோக்காரரைப் பொறுத்தவரை, நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் உள்ள மருத்துவர்கள் கிளினிக் கொப்பியில் குளிசையின் பெயரை எழுதுமுன் பயிற்சியை எழுதி, அதை ஒருமுறை செய்தும் காட்டவேண்டும்.