உள்ளே வந்தவன் நம்ம ஆளா?

பாதுகாப்புச் சோதனை அறிக்கைகளில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. இணையம் வழியாக வெளியிலிருந்து உடைக்கக்கூடிய ஓட்டைகள் முதல் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் வரும். சாதாரண பயனராக உள்ளே இருப்பவர் ரூட்டாகவோ அட்மினாகவோ மாறிக்கொள்ளும் ஓட்டைகள் கடைசிப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும். பல நேரங்களில் அவற்றைச் சோதிப்பதே இல்லை. கேட்டால் பதில் தயார்: "அதுக்கு முதல்ல லாகின் வேணுமே சார், லாகின் இருக்கிறவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானே!"

இதைவிட அபத்தமான வாதம் கிடையாது. லினக்ஸ் சர்வரில் பயனர் கணக்கு இருப்பது ஊழியர்களுக்கு மட்டுமா? வலைத்தளத்தை ஓட்டும் அப்பாச்சியும் ஒரு பயனர் பெயரில்தான் ஓடுகிறது. படம் ஏற்றும் பக்கம் வழியாக எவனாவது ஒரு பிஎச்பி கோப்பை ஏற்றி அதை ஓடவும் வைத்துவிட்டால், அந்த நொடியே அவன்தான் அந்தப் பயனர். அதன்பின் அவனுக்கும் மொத்தக் கணினிக்கும் நடுவே இருப்பது இந்தக் கடைசிப் பக்க சமாச்சாரங்கள்தான். 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட சூடூ ஓட்டையைப் பாருங்கள். சூடூ பயன்படுத்தவே அனுமதி இல்லாத பயனர்கூட, கடவுச்சொல் தெரியாமலேயே ரூட் ஆக முடிந்தது. 2011 இல் நுழைந்த பிழை அது!

மதிப்பெண் முறையும் சேர்ந்து கெடுக்கிறது. சிவிஎஸ்எஸ் மூன்றாம் பதிப்பில் இணையம் வழித் தாக்குதலுக்கு 0.85, உள்ளிருந்து தாக்குவதற்கு 0.55. ஓட்டைகளைத் தனித்தனியாக எடைபோட்டால் நியாயமான கணக்குதான். ஆனால் திருடன் அவற்றைத் தனித்தனியாகவா பயன்படுத்துகிறான்?

இன்னொரு கதை இதைவிட மோசம். 2009 மே மாதம் பாலிசிகிட்டில் சேர்க்கப்பட்ட பிகேஎக்ஸெக் என்ற சின்ன நிரல். யார் இயக்கினாலும் ரூட் உரிமையோடு ஓடுவது. அதை ஒரு ஆர்க்யுமெண்ட்கூட இல்லாமல், தன் பெயரைக்கூடக் கொடுக்காமல் இயக்கினால், ஆர்க்யுமெண்ட் என்று நினைத்துப் பக்கத்திலுள்ள சூழல் மாறிகளைப் படிக்கும். அங்கேயே எழுதவும் செய்யும். போதாதா? ஆபத்தானது என்று கணினி வடிகட்டிய மாறியைத் திரும்ப நுழைத்து, தாக்குபவரின் நிரலை ரூட்டாக ஓடவைக்கலாம். 2013 லேயே ஒருவர் இந்த வெற்று ஆர்க்யுமெண்ட் விவகாரத்தை எழுதி, பிகேஎக்ஸெக்கைப் பெயர் சொல்லியே சுட்டிக்காட்டியிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2022 ஜனவரியில் குவாலிஸ் வெளியிட்ட பிறகுதான் உலகம் விழித்தது. (ஓபன்பிஎஸ்டி இப்படி இயக்குவதையே அனுமதிப்பதில்லை. லினக்ஸ் கெர்னல் 5.18 இல்தான் திருந்தியது.)

நிர்வாகிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. சோதிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? லின்பீஸ் போன்ற கருவியை ஓட்டி, அது துப்பும் வண்ணமயமான வரிகளை அப்படியே அறிக்கையில் ஒட்டுகிறார்கள். பதிப்பு எண்ணை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். உபுண்டு 20.04 இல் பாலிசிகிட் 0.105 என்ற பழைய எண்ணிலேயே திருத்தம் வந்தது. பின்னால் ஒட்டியிருக்கும் வால் எண்ணையும் படித்தால்தான் உண்மை தெரியும்.

அதைவிட முக்கியம், எந்தப் பட்டியலிலும் எண் இல்லாத ஓட்டைகள். ரூட் பெயரில் இரவில் ஓடும் கிரான் வேலை, ஆனால் அது கூப்பிடும் ஸ்கிரிப்டை யாரும் திருத்தலாம்! கடவுச்சொல் கேட்காமல் சூடூவில் அனுமதிக்கப்பட்ட விம் எடிட்டர். விண்டோஸில், சாதாரண பயனர் எழுதக்கூடிய ஃபோல்டரிலிருந்து சிஸ்டம் உரிமையோடு கிளம்பும் சர்வீஸ். இவற்றுக்கு எந்த நிறுவனமும் பேட்ச் அனுப்பாது. ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

"ஓடுகிற சர்வரில் இதையெல்லாம் செய்தால் விழுந்துவிடும்" என்ற பயம் ஓரளவு நியாயமே. கெர்னல் ஓட்டைகளை உண்மையில் பயன்படுத்திப் பார்த்தால் கணினி உறைந்துபோகலாம். அதை ஒரு நகல் சர்வரில் செய்துகொள்ளட்டும். அனுமதிகளைப் படித்துப் பார்க்க எந்த ஆபத்தும் இல்லை. சோதனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே சோதிப்பவருக்கு ஒரு சாதாரண பயனர் கணக்கைக் கொடுத்துவிட்டு, "இதை வைத்துக்கொண்டு எதுவரை போகமுடிகிறது, சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டியதுதானே?