நிலச்சரிவு வரைபடத்தில் லயங்கள் எங்கே?

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியதில் 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர்; அதிலும் தலித்துகளே மிகுதி. கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டோர் பலர். மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து நேர்ந்தது. விமானத்தில் இறந்தோருக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்த கேரள அரசு, பெட்டிமுடிக்கு அறிவித்தது 5 லட்சம். நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு கூறுகிறது. இந்த வேறுபாட்டைச் சாதியின் பெயரால் எவரும் அறிவிக்கவில்லை. அறிவிக்கத் தேவையும் இருக்கவில்லை.

இன்று நிலச்சரிவு அபாயத்தை முன்கூட்டியே வரைபடமாக்குகிறார்கள். சரிவு, மழை, பாறை, மண், நிலப்பயன்பாடு, சாலைக்கும் ஓடைக்குமான தொலைவு ஆகிய காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, 1 முதல் 9 வரை மதிப்பிடுகிறார்கள். இது தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறை. கிடைக்கும் எடைகளைக் கொண்டு கணினியில் அடுக்குகளைக் கூட்டினால், மலை பல நிறங்களாகப் பிரிகிறது. ஒப்பீடுகளின் முரண் விகிதம் 0.10க்குள் இருந்தால் ஏற்கிறார்கள். நிபுணர் தமக்குத் தாமே முரண்படவில்லை என்பதை மட்டுமே அந்த எண் காட்டும்; அவர் சொல்வது சரி என்பதையன்று.

இம்முறையை நாங்கள் நிராகரிக்கவில்லை. அது மண்ணைப் பற்றிப் பேசுகிறது, மனிதரைப் பற்றிப் பேசுவதில்லை என்பதே எங்கள் குறை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2014இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் அளவை 1:50,000. அதில் 50 மீட்டர் நீள லயம் ஒரு மில்லிமீட்டர்! பட்டா இல்லாதவர், முதலாளி கொடுத்த வீட்டை விட்டால் வேலையையும் இழப்பவர் எந்த அடுக்கிலும் இல்லை.

ஆயினும் வழக்காடுவோருக்கு அவ்வரைபடம் ஓர் ஆயுதம். அன்று நடைமுறையிலிருந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 16ஏ பிரிவு, நிறுவனம் கொடுத்த வீடு இடிந்து உயிர்ப்பலி நேர்ந்தால் முதலாளியைப் பொறுப்பாக்கியது. முழுக்கவும் நேரடியாகவும் இயற்கைப் பேரிடரே காரணமெனில் விலக்களித்தது. அரசின் வரைபடமே சிவப்பிட்ட சரிவில் குடிவைத்துவிட்டு, இயற்கையை மட்டும் குற்றவாளியாக்க முடியுமா?

நிலக்கோட்டைக்கு இது தொலைதூரச் செய்தியன்று. நம் வட்டத்து வத்தலக்குண்டிலிருந்துதான் கொடைக்கானலுக்கும் தாண்டிக்குடிக்கும் மலைச்சாலைகள் ஏறுகின்றன. கொடைக்கானல் மலைக்கும் இத்தகைய வரைபட ஆய்வுகள் வந்துள்ளன. அபாயப் பகுதிகளை மாவட்டத் திட்டத்தில் குறிக்குமாறு பேரிடர் சட்டத்தின் 31ஆம் பிரிவு ஆணையிடுகிறது. திண்டுக்கல் மாவட்டத் திட்டத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். பெற்றவுடன், காபித் தோட்டக் குடியிருப்புகளையும் மலையடிவாரக் காலனிகளையும் கைப்பேசியில் ஒவ்வொன்றாக இடங்குறித்து அதன்மேல் பொருத்துங்கள். புவியியல் படிக்கும் மாணவர்களுக்கு அது சில நாள் வேலை. சிவப்பில் விழும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாற்று மனைப்பட்டா கேட்டு, அடுத்த மழைக்கு முன் ஆட்சியரிடம் மனு சேர வேண்டும்.