குறுங்காணொளியும் களப்பணியும்

விவசாய விரிவாக்க ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் கைப்பேசியில் ஒரு நிமிடப் படங்களை எடுத்துப் பொதுமக்கள் காணும்படி வெளியிடுவது இன்று நாடெங்கும் சாதாரணமாகிவிட்டது. விதை நேர்த்தி, மண் மாதிரி எடுத்தல், கன்றுக்குச் சீம்பால் புகட்டுதல், வகுப்பறைச் சோதனைகள் முதலியன எல்லாம் இவ்வாறு படமாகின்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இதனுடன் வேறொரு பழக்கமும் பல இடங்களில் வளர்ந்து வருகிறது. படத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்று செயலி காட்டும் எண்ணை மாதாந்தர அறிக்கையில் எழுதி, அதையே பணியின் அளவாகக் கொள்வதே அப்பழக்கம். இந்த அளவு தவறானது. இதனால் விளையும் தீங்கும் சிறிதன்று. படம் முடிந்தபின் எழும் கேள்விக்கும் அதற்குரிய விடைக்கும் இடம் வைக்காத காட்சி, கண்டதைச் செய்கையாக மாற்றுவதில்லை. இதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. இந்நாட்டிலேயே ஏறத்தாழ எழுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது.

செயலிகளின் வரலாறு சுருக்கமானது. 2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளுள் டிக்டாக்கும் ஒன்று. செயலி மறைந்தது, பழக்கம் மறையவில்லை. அதே ஆண்டிலேயே இன்ஸ்டகிராமின் ரீல்ஸும் யூடியூபின் ஷார்ட்ஸும் இந்தியாவில் தொடங்கின. ஷார்ட்ஸ் படம் முதலில் 60 விநாடிக்கு மேற்படலாகாது என்றிருந்தது. 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை அனுமதிக்கப்பட்டது. நீளம் எதுவாயினும் அமைப்பு ஒன்றே. விரலால் ஒருமுறை தள்ளினால் அடுத்த படம் வந்து நிற்கும். பயிர்நோய் பற்றிய படத்தை ஒருவர் கண்டு முடிப்பதற்குள் கிரிக்கெட் ஆட்டமோ நடனமோ அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பார்வை எண்ணிக்கை என்பது யாது என்பதையும் ஊழியர்கள் அறிந்திருத்தல் நலம். 2025ஆம் ஆண்டு மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் படம் ஓடத் தொடங்கினாலே அது ஒரு பார்வையாகக் கணக்கிடப்படுகிறது. குறைந்தது இத்தனை விநாடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஒரே படம் மறுமுறை ஓடினால் மற்றொரு பார்வை. அரை விநாடியில் தள்ளிவிட்டவரும், கூர்ந்து கவனித்து மறுநாள் வயலில் செய்து பார்த்தவரும் அக்கணக்கில் சமமே. விளம்பரதாரருக்கு இவ்வெண் பயன்படலாம். வட்டார விவசாய அலுவலகத்தின் அறிக்கையில் இதற்கு என்ன வேலை?

இனி அனுபவத்திற்கு வருவோம். 1956ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் உதவியுடன், பூனாவைச் சார்ந்த ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில் வானொலிப் பண்ணை மன்றங்களை அமைத்தது. அரை மணி நேர நிகழ்ச்சிகள் இருபது ஒலிபரப்பப்பட்டன. ஊரார் ஒன்றுகூடிக் கேட்டனர். கேட்டபின் கலைந்து செல்லாமல் அமர்ந்து விவாதித்தனர். ஐயங்களை எழுதி நிலையத்திற்கு அனுப்பினர். விடைகள் பின்னர் வானொலியிலேயே வந்தன. டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்தார் இதனை ஆராய்ந்தபோது, மன்றம் இருந்த ஊர்களை மட்டும் பார்த்துத் திருப்தி அடையவில்லை. வானொலி இருந்து மன்றம் இல்லாத ஊர்களையும், வானொலியே இல்லாத ஊர்களையும் உடன் வைத்து ஒப்பிட்டனர். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு தெளிவாக உயர்ந்திருந்தது. மற்ற ஊர்களில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. வானொலிப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று எண்ணியோர் அக்காலத்திலும் இருந்தனர். அவர்களுக்கு அந்த ஒப்பீடு தக்க விடையாயிற்று.

பின்னர் 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளின் வழியாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. சைட் எனப்பட்ட அச்சோதனையில் ஆசிரியர்கள் நினைவில் கொள்ளத்தக்க பகுதி ஒன்று உண்டு. தொடக்கப்பள்ளி ஆசிரியர் சுமார் 50,000 பேருக்கு அதன் வாயிலாக விஞ்ஞானப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆனால் திரையைப் பார்த்தால் போதும் என்று அவர்கள் விடப்படவில்லை. வானொலி நிகழ்ச்சியும், அச்சிட்ட செய்முறைக் குறிப்புகளும், உடனிருந்து வழிநடத்துபவரும் சேர்ந்ததே அப்பயிற்சி. விண்வெளியிலிருந்து பாடம் வந்த நாளிலும், அருகில் ஓர் ஆள் தேவைப்பட்டார்.

இவற்றினும் இன்றைய நிலைக்கு மிக நெருங்கியது, 2006ஆம் ஆண்டு பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் முயற்சியாகும். அக்கம்பக்கத்து ஊர்களின் விவசாயிகளையே நடிக்கச் செய்யாமல், செய்வதை அப்படியே படம் பிடித்தனர். அப்படங்களை ஊரிலுள்ள ஒருவர் சிறு குழுக்களுக்குப் போட்டுக் காட்டுவார். காட்டுவது என்றால் ஓடவிட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதன்று. இடையிடையே நிறுத்துவார், இதுவரை கண்டது என்ன என்று கேட்பார், திரும்பவும் ஓட்டுவார், யார் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்று வினவிப் பெயரைக் குறித்துக்கொள்வார். கர்நாடகத்தில் 16 கிராமங்களில் 13 மாதம் நடந்த சோதனையில், வழக்கமான விரிவாக்க முறையைக் காட்டிலும் இம்முறையில் புதிய பயிர்முறைகளை மேற்கொண்டோர் ஏறத்தாழ ஏழு மடங்கு என்று கண்டனர். அந்த ஏழு மடங்கைக் காணொளியின் வெற்றி என்று கூறுவோர் பலர். நிறுத்திக் கேட்ட அந்த மனிதரை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

குறுங்காணொளி எதில் வல்லது, எதில் வலுவற்றது என்பதை ஒரு பூச்சியைக் கொண்டே விளக்கலாம். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட மக்காச்சோளப் படைப்புழு, 2018ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. மிகக் குறுகிய காலத்தில் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. புழுவின் தலையில் தலைகீழாக எழுதிய ஆங்கில ஒய் எழுத்தைப் போன்ற வெளிறிய கோடு தெரியும். உடலின் பின்பகுதியில், கடைசிக்கு முந்திய கண்டத்தின்மீது நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இவ்விரு அடையாளங்களை எழுத்தில் எவ்வளவு விவரித்தாலும் வாசகரின் மனத்தில் உருவம் எழுவதில்லை. கைப்பேசியை அருகில் கொண்டுசென்று எடுத்த இருபது விநாடிப் படம் அதனை ஐயமறக் காட்டிவிடும். இலையில் காகிதம் போன்று வெளுத்த சன்னல்கள், குருத்துக்குள் மரத்தூள் போலக் குவிந்த எச்சம் ஆகியவையும் அவ்வாறே. அடையாளம் காட்டும் பணியில் குறுங்காணொளிக்கு நிகர் இல்லை எனலாம்.

மருந்தின் அளவுக்கு வந்தவுடன் நிலைமை மாறுகிறது. இப்புழுவுக்குச் சிபாரிசு செய்யப்பட்ட மருந்துகளுள் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. என்பதும் ஒன்று; லிட்டர் நீருக்கு 0.4 கிராம் அளவு. ஓடும் படத்தில் ‘பூஜ்யம் புள்ளி’ என்ற சொற்கள் காதில் விழாமற் போனால் எஞ்சுவது நான்கு கிராம். அதாவது பத்து மடங்கு. பத்து லிட்டர் தெளிப்பானுக்கு நான்கு கிராம் என்று ஒருவர் பேசியிருந்தால், அதைக் கேட்டவர் தம்மிடமுள்ள 16 லிட்டர் தெளிப்பானுக்கும் நான்கு கிராமே இடுவார், வேண்டியதோ 6.4 கிராம். முன்னவர் பணத்தையும் உடல்நலத்தையும் இழப்பார். பின்னவர் புழு சாகவில்லையென்று கண்டு வேறு மருந்தையும் கலக்கத் துணிவார். குழுவில் காட்டும்போது இந்தத் தவறு நேர்வது அரிது. உங்கள் தெளிப்பான் எத்தனை லிட்டர் என்ற ஒரே கேள்வி அதனைத் தடுத்துவிடும். படத்தால் அக்கேள்வியைக் கேட்க இயலாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. படம் சொல்வதை மட்டுமன்றி, படத்தில் இருப்பவை அனைத்தையும் பார்ப்பவர் கற்கிறார். மருந்தின் பெயரைத் திருத்தமாகக் கூறிக்கொண்டே, முகமூடியும் கையுறையும் இன்றி, வெறுங்காலுடன், காற்றுக்கு எதிராக நின்று தெளிப்பவரைக் காட்டும் படங்கள் குறைவல்ல. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் நச்சுக்காற்றால் இறந்ததை அறிந்த எந்த ஊழியரும் அத்தகைய படத்தை வெளியிடத் துணியலாகாது. நேரம் இல்லை, பாதுகாப்பு உடை கிடைக்கவில்லை என்றால் அன்று படம் எடுக்காமல் இருப்பதே மேல்.

ஆசிரியர்களின் நிலையும் இதனின்று வேறுபட்டதன்று. தட்டில் சிறிது நீர் ஊற்றி, நடுவே மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணாடித் தம்ளரை அதன்மேல் கவிழ்க்கும் சோதனை எல்லா மொழிகளிலும் குறுங்காணொளியாக உலவுகிறது. சுடர் அணைகிறது, நீர் உள்ளே ஏறுகிறது, காற்றில் ஐந்தில் ஒரு பங்காகிய பிராணவாயு எரிந்து தீர்ந்த இடத்தை நீர் நிரப்பியது என்று குரல் விளக்குகிறது, படம் முடிகிறது. பார்ப்பதற்கு அழகானது, விளக்கம் பிழையானது. பிராணவாயு முழுதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடும். எரியும்போது கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. நீர் ஏறுவதில் பெரும்பகுதி, சூடேறி விரிந்திருந்த காற்று சுடர் அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதால் நேர்வதாகும். இதனைக் கண்டுபிடிக்க அரிய கருவி வேண்டியதில்லை. சுடர் அணைந்த பின்பன்றோ நீர் விரைந்து ஏறுகிறது என்று ஒரு மாணவி கேட்டால் போதும். இரண்டு மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துச் செய்தால் நீர் இன்னும் உயரமாக ஏறும்; தம்ளருக்குள் இருக்கும் பிராணவாயுவோ கூடவில்லை. வகுப்பில் ஆசிரியர் படத்தைச் சுடர் அணையும் கணத்தில் நிறுத்தி, அடுத்து என்ன நேரும், ஏன் நேரும் என்று கேட்பாராயின், அதே பிழையான படம்கூட நல்ல பாடமாகிவிடும்.

இங்கே எழக்கூடிய மறுப்பு ஒன்று நியாயமானது. ஓர் ஊழியரின் பொறுப்பில் பல ஊர்கள் உள்ளன. அவர் கூட்டம் கூட்டினால் இருபது பேர் வருவர். படத்தை வெளியிட்டால் இலட்சம் பேரை எட்டும். இருபதுக்காக இலட்சத்தை விடலாமா என்பர். விட வேண்டியதில்லை. படத்தை வெளியிடட்டும், ஆனால் முதலில் அந்த இருபது பேருக்குக் காட்டி, அவர்கள் எங்கே தயங்குகின்றனர், எதைத் தவறாகப் புரிந்துகொள்கின்றனர் என்று பார்த்துத் திருத்தி வெளியிடட்டும். தனிக் கூட்டம் கூட்டவும் வேண்டியதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் எப்படியும் கூடுகின்றன. அவற்றில் பத்து நிமிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். கைப்பேசி பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருக்கும் வீடுகளில், களை எடுப்பவரும் கறவை மாட்டைப் பேணுபவருமான பெண்ணுக்கு இணையத்தில் உலவும் படம் எட்டுவதே இல்லை. இலட்சம் என்ற எண்ணுக்குள் அவர் இல்லை, இருபதுக்குள் இருக்கிறார்.

ஆகவே மாத அறிக்கையில் பார்வை எண்ணிக்கைக்கு உரிய கட்டத்தை எடுத்துவிட்டு, எத்தனை குழுக்களுக்குக் காட்டப்பட்டது, என்ன கேள்விகள் எழுந்தன, எத்தனை பேர் செய்து பார்த்தனர் என்று மூன்று கட்டங்களை அமைப்பது மேலதிகாரிகளின் கடமை. இரண்டாவது கட்டம் வெறுமையாக இருந்தால் படம் தெளிவாக இருந்தது என்று பொருளன்று. யாரும் கவனிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். வாரத்துக்கு இத்தனை படம் என்று இலக்கு வைக்கும் வழக்கத்தையும் கைவிடலாம். ஒரு பருவத்துக்கு நான்கு படம், ஒவ்வொன்றும் முப்பது குழுக்களுக்குக் காட்டப்பட்டது என்றால் அதுவே நிறைந்த பணி.

குழந்தைகளைக் குறித்து ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை வேண்டுகிறது. சட்டம் ஒருபுறமிருக்க, கரும்பலகையின் முன் தவறாக விடை கூறித் திகைத்து நிற்கும் சிறுவனின் முகம் ஊர் முழுவதும் சிரித்துப் பார்ப்பதற்குரியதன்று. சோதனையில் கைகள் தெரிந்தால் போதும், முகம் வேண்டியதில்லை.

வெளியிட்ட படத்தில் பிழை தெரிந்தால் என்ன செய்வது என்பதும் முன்னரே எண்ணிவைக்கத் தக்கது. அச்சுப்பிழைக்கு அடுத்த இதழில் திருத்தம் போடலாம். யூடியூபில் ஏற்றிய படத்தின் இடத்தில் வேறொரு படத்தை வைக்க வழியில்லை; நீக்கிவிட்டுப் புதிதாகவே ஏற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் கைமாறிப் போன பிரதிகளோ திரும்பி வாரா. அவை எழுதப்பட்ட குறிப்புகளை இழந்து, பருவம் தவறி, மண்ணும் மழையும் வேறான மாவட்டங்களில் பல ஆண்டு உலவும். எனவே இடத்தின் பெயர், பயிர், இரகம், மாதம், ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் கீழ் எழுதினால் போதாது. படத்தின் தொடக்கத்திலேயே ஊழியர் தம் வாயால் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ஐந்து விநாடி ஆகும்.