மனைக்கு உரியவர் யார்?

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் அதன் ஆழத்தையும், அதை நாடிவந்த வல்லரசுகளையும் பற்றியே பெரிதும் எழுதுவர். அத்துறையைச் சூழ்ந்து வாழும் குடும்பங்களைப் பற்றி எழுதியோர் சிலரே. ஆயினும், இல்லறம் எந்த ஒழுங்கில் நடைபெறுகிறது, அவ்வொழுங்கை அறியாத சட்டம் வீட்டினுள் நுழைந்தால் யாது நேரும் என்பதை இம்மாவட்டம் நன்கு உணர்த்துகின்றது.

கிழக்கிலங்கையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக வழங்குவது நெடுநாள் வழக்கம். மட்டக்களப்புப் பகுதியில் வேரூன்றிய இவ்வழக்கம் கொட்டியார்க் குடாவை அடுத்த மூதூர், கிண்ணியா ஆகிய ஊர்களிலும் உண்டு. மணமகள் கணவன் வீடு புகுவதில்லை; மணமகனே அவள் வீட்டுக்கு வருகிறான். தாயின் வளவிலோ அதன் அயலிலோ மகளுக்கு ஒரு வீடு எழுகிறது. கணவன் கடலுக்குச் சென்றாலும், வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்றாலும், பிள்ளைகளைப் பார்க்கப் பாட்டியும் சிறிய தாயும் அருகில் இருப்பர். மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றும் உரிமை கணவனுக்கு இல்லை. ஏனெனில் வீடு அவளுடையது. சொல்லளவில் தலைவன் அவனே. காலூன்றி நிற்கும் நிலம் அவளுடையது.

இவ்வழக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. தங்கைக்கு வீடு கட்டி முடியும்வரை தமையன் தன் திருமணத்தைத் தள்ளிவைக்கிறான். தந்தையின் உழைப்பெல்லாம் கல்லும் சீமெந்துமாகிறது. வீடு கட்ட வழியற்றோரின் பெண்கள் காத்திருந்தே வயதாகின்றனர். இத்துன்பத்தை மறைத்துவிட்டு வழக்கத்தைப் போற்றுவது நேர்மையன்று.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. வீடுகளை மீளக் கட்ட உதவி வந்தபோது, அலுவலகப் படிவம் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று வினவியது. கிழக்கின் பல இடங்களில் அதற்கு விடையாக ஆணின் பெயரே எழுதப்பட்டது. அலை கொண்டுபோனதோ மனைவியின் சீதன வீடு. பத்திரம் வந்ததோ கணவனின் பெயரில்! எவரும் வஞ்சகம் செய்யவில்லை. கொழும்பில் அச்சிட்ட ஒரு சொல், கரையோரத்தின் ஒரு முறைமையை அறியாதிருந்தது, அவ்வளவே. எனினும் வழக்கம் உடனே மாய்ந்துவிடவில்லை. புதிய வீட்டையும் மகளின் சீதனமாகக் கருதிய பெற்றோர் பலர்.

அரச காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ இதனினும் கடியது. காணிக்குரியவர் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காது இறந்தால், மரபுரிமை வரிசையில் மகன் மகளுக்கு முன்னே நின்றான். மகளுக்கே மனை என்று வாழ்ந்த ஊரில், மகனுக்கே மனை என்றது சட்டம். ஏறத்தாழ 87 ஆண்டுகள் கடந்து, 2022இல்தான் ஆண் பெண் வேறுபாடு நீக்கித் திருத்தம் வந்தது. வரவேற்கத்தக்க திருத்தம், ஆயினும் முன்னரே எழுதிய பத்திரங்கள் தாமாகத் திருந்தா.

இன்று இலங்கையில் ஏறத்தாழ நாலில் ஒரு குடும்பத்தைப் பெண்ணே தலைமை தாங்கி நடத்துகிறாள். 2009 வரை நீடித்த போரும் வெளிநாட்டு உழைப்பும் அவளை அந்நிலையில் நிறுத்தியுள்ளன. இவளுக்கு வீட்டுரிமை வெறும் மரியாதை அன்று. கணவன் மீளாவிடினும் பிள்ளைகளோடு உள்ளே இருந்து கதவைத் தாழிட முடியுமா என்ற வினாவே அது.

ஆகவே, பிரதேச செயலகத்தில் படிவத்தை நிரப்புவோர் ‘தலைவர் யார்’ என்று கேட்பதற்கு முன், ‘இவ்வீடு யாருக்குக் கட்டியது’ என்று கேட்பாராக. கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுத வழி இருக்குமிடத்து அவ்வழியையே கொள்வாராக. பெற்றோரும் தம் பங்குக்கு, சீதனம் மகளின் காவலாக இருக்கட்டும், மகனின் கடனாக வேண்டாம் என்று அளவு வகுக்க வேண்டும். குடும்பத்தின் விதிகளைக் குடும்பம் திருத்தலாம். அவற்றை அறியாமலே அழிக்கும் உரிமை ஒரு படிவத்துக்கு இல்லை.