உடைசலும் உடைமையும்

அலுவலகங்களைப் புதுப்பிப்பதில் அண்மைக் காலமாக ஒரு ருசி பரவியிருக்கிறது. வரவேற்பறையில் தேய்ந்த டயரின் மேல் மெத்தை வைத்துத் தைத்த இருக்கை. துறைமுகத்தில் சரக்குகளைத் தாங்கிவந்த பேலட் பலகைகளை அடுக்கிச் செய்த மேசை. கண்ணாடிப் புட்டிகளுக்குள் எரியும் விளக்குகள். எங்கோ இடித்த வீட்டின் இரட்டைக் கதவு ஒன்று, எதையும் மூடாமலும் எதையும் திறக்காமலும் கூடத்தின் நடுவே சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. சுவர்ப்பூச்சு உரிக்கப்பட்டுச் செங்கல் தெரிகிறது. இத்தகைய அலுவலகத்துக்குள் நுழைகிறவருக்கு முதலில் சொல்லப்படும் செய்தி, இவையெல்லாம் கழிவுப் பொருட்களால் ஆனவை என்பதுதான்.

இந்த ருசியின்மேல் நமக்குப் பகை ஏதுமில்லை. உலோகமும் கண்ணாடியும் பளிங்கும் பளபளக்கும் கூடங்களைவிட, ஒரு பழைய கதவின் முன்னால் நிற்பது மனதுக்கு இதமானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஒரு தொல்லையான பழக்கம் உண்டு. ஒரு சொல் அடிக்கடி காதில் விழுந்தால் அது எங்கிருந்து வந்தது, இப்போது என்ன பொருளில் புழங்குகிறது என்று பார்க்கத் தோன்றிவிடும். ‘கழிவு’ என்ற சொல்லை அப்படித்தான் பார்க்க நேர்ந்தது.

தமிழில் கழிவு என்பது கழித்தபின் வெளியேறுவது. அதே சொல்லைத்தான் வணிகர்கள் விலையில் குறைத்துத் தரும் தொகைக்கும் பயன்படுத்துகிறார்கள். பத்து சதவீதக் கழிவு என்றால் யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை. நம் வீடுகளில் உடைந்த, பழுதான, இனி என்ன செய்வதென்று தெரியாத பொருட்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. உடைசல், தட்டுமுட்டு, ஓட்டை உடைசல் என்றார்கள். அவை பரணில் கிடந்தன. பரண் என்பது குப்பைத்தொட்டி அல்ல. தீர்ப்பை ஒத்திவைக்கும் இடம். பரணிலிருந்து இறங்கியவை காயலான் கடைக்குப் போயின. காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள். அங்கே எடைக்கு விலை உண்டு. ஆகவே அவை கழிவு ஆவதற்கு முன்பே சரக்கு ஆகிவிட்டன. மறுபயன்பாடு என்று இன்று ஒரு கொள்கையாகப் பேசப்படுவது, வசதியற்றவர்களின் வீடுகளில் வெறும் வழக்கமாகவே இருந்துவந்தது. அதற்கு அறிவிப்புப் பலகை இல்லை.

இதைக் கட்டடக் கலையின் மொழியில் சொன்னவர்களில் முக்கியமானவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, கேரளத்தில் பல பத்தாண்டுகள் கட்டடங்கள் எழுப்பி, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குபவை கம்பிகள்தாம்; அங்கே உள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் ஒதுக்கித் தள்ளப்பட்ட மங்களூர் ஓடுகளைப் பதித்துவிட்டால் கான்கிரீட்டும் மிச்சமாகும், தளத்தின் எடையும் குறையும். பேக்கர் அதைத்தான் செய்தார். பயன்படுத்திய புட்டிகளைச் சுவரில் பதித்து அவற்றின் வழியாக வண்ண ஒளியை உள்ளே வரவழைத்தார். இடித்த வீடுகளின் கதவுகளையும் சன்னல்களையும் வாங்கிப் புதிய வீடுகளில் கதவுகளாகவும் சன்னல்களாகவுமே பொருத்தினார். அந்த ஓடு இருப்பதால் ஏதோ ஒன்று வாங்கப்படாமல் போகிறது. அழகு அதன்பின் தானாக வருகிறது.

சண்டிகரின் பாறைத் தோட்டத்தை உருவாக்கிய நேக் சந்தின் கதை வேறு வகை. அவர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். லெ கொர்புசியேயின் புதிய நகரம் எழுவதற்காகப் பல கிராமங்கள் அகற்றப்பட்டன. அந்த இடிபாடுகளிலிருந்து உடைந்த பீங்கானையும் வளையல் துண்டுகளையும் கற்களையும் சேகரித்து, 1950களின் இறுதியிலிருந்து அரசு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் உருவங்கள் சமைத்துவந்தார். அதிகாரிகள் கண்டுபிடித்தது 1970களின் நடுவில். இடித்துவிடலாம் என்ற பேச்சையும் மீறி 1976இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே உடைசல் எதையும் மிச்சப்படுத்தவில்லை. அது நினைவூட்டுகிறது. திட்டமிட்ட நகரம் ஒன்றின் ஓரத்தில், அந்நகரத்துக்காக அழிக்கப்பட்டவற்றின் துண்டுகள் ஆயிரக்கணக்கான உருவங்களாக நிற்கின்றன.

ஆக, உடைசலுக்கு இரண்டு நேர்மையான வேலைகள் உண்டு. ஒன்று, புதிதாக வாங்குவதைத் தவிர்ப்பது. மற்றொன்று, போனதை நினைவில் வைப்பது. நடுக்கூடத்தில் சாத்தி வைத்த கதவு இவ்விரண்டில் எதைச் செய்கிறது என்பதே நம் கேள்வி.

அந்தக் கதவு பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும், செதுக்கிய நிலைகளும், எனாமல் பாத்திரங்களும், ரவிவர்மா அச்சுப் படங்களும் அங்கே கடைகடையாகக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஓட்டைப் பராமரிக்கவே பெருஞ்செலவு. எல்லோரும் வெளியூரில். அப்படிப்பட்ட வீட்டைக் காப்பாற்றுவது கடினம் என்பதை நாம் அறிவோம். அதை விற்பவரைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் கதவுக்கும் தூணுக்கும் விலை ஏற ஏற, முழு வீட்டைவிட அதன் துண்டுகள் மதிப்பு மிக்கவை ஆகிவிடுகின்றன. செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குப் பிறகும் வீடுகள் பிரிக்கப்பட்டுவருகின்றன. ‘நாங்கள் வாங்காவிட்டால் விறகாகியிருக்கும்’ என்று அலுவலகத்துக்காரர்கள் சொல்வார்கள். சில கதவுகளுக்கு அது உண்மை. எல்லாக் கதவுகளுக்கும் அல்ல. தேவைக்காகவே உடைக்கப்பட்ட ஒன்றைக் கழிவு என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் அநீதி.

அடுத்து, உடல்நலம் பற்றிய ஒரு சொல். பழைய கதவை வாங்கியதும் அதன் வண்ணத்தைத் தேய்த்து மரத்தின் ரேகை தெரியும்படி செய்வது வழக்கம். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று யாரும் அளந்து பார்த்துவிட்டுத் தேய்ப்பதில்லை. அந்தத் தூளைச் சுவாசிக்கிறவர் அலுவலகத்தில் அமரப்போகும் மேலாளர் அல்ல. உப்புத்தாளைக் கையில் பிடித்திருக்கும் நாள்கூலித் தொழிலாளி. பேலட் பலகைகளிலும் இப்படி ஒன்று உண்டு. நாடு விட்டு நாடு வரும் பலகைகளில் பூச்சி நீக்கும் முறையைக் குறிக்கும் முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயுவால். முத்திரையைப் பார்த்து வாங்குவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுகிறவர்கள் குறைவு என்பதே நம் அனுபவம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல், பழையதை மாட்டும் அதே அலுவலகத்தில் புதிதாக என்ன வைக்கப்படுகிறது என்பது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரை இடித்தால் செங்கல் முழுதாகக் கிடைக்கும், ஏனெனில் சாந்து கல்லைவிட மென்மையானது. சிமெண்டுச் சாந்தில் கட்டிய சுவரை இடித்தால் செங்கல்தான் உடைகிறது. மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பிரித்தால் தேக்குச் சட்டங்கள் அடுத்த நூறாண்டுக்குத் தயாராகக் கீழே இறங்குகின்றன. இன்றைய அலுவலகத் தடுப்பைப் பிரித்தால் என்ன கிடைக்கும்? மரத்தூளைப் பிசினில் ஒட்டிய பலகை. அதில் ஒருமுறை திருகிய திருகை மறுமுறை திருகினால் பிடிப்பதில்லை. ஜிப்சம் அட்டை; கழற்றும்போதே நொறுங்குகிறது. ஒரு பழைய கதவின் இருபுறமும் இத்தகைய பலகைகளை ஒட்டிவிட்டு அந்த இடத்தைக் கழிவில்லா அலுவலகம் என்று அழைத்தால், சில ஆண்டுகளில் குத்தகை முடிந்து அடுத்தவர் வரும்போது ஒரு லாரிக் குப்பைக்கு இன்றே வித்திட்டாயிற்று. முந்தைய தலைமுறை நமக்குப் பிரித்தெடுக்கக்கூடிய பொருட்களை விட்டுச்சென்றதால்தான் நம்மால் இன்று இந்த விளையாட்டை விளையாட முடிகிறது. நாம் அடுத்தவர்களுக்கு விட்டுச்செல்வது பிசின்.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவதற்கும் இடமில்லை. கட்டட இடிபாடுகளுக்கென்று இந்தியாவில் தனி விதிகள் வந்தது 2016இல். அவற்றில் பெருமளவில் கழிவு உண்டாக்குவோருக்கான கடமைகள், நாளொன்றுக்கு 20 டன் அல்லது மாதத்துக்கு ஒரு திட்டத்தில் 300 டன் என்ற அளவைத் தாண்டியவர்களுக்கே விதிக்கப்பட்டன. 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளும் தயாரிப்பாளர் பொறுப்பை 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத திட்டங்களின்மேல்தான் சுமத்துகின்றன. இரண்டாயிரம் சதுர அடி அலுவலகத்தின் உள்ளலங்காரம் இந்தக் கணக்குகளில் அகப்படாது. அதன் உடைசல் இரவோடு இரவாக ஏதாவது ஏரிக்கரையில் கொட்டப்படும். ஆகவே இது சட்டத்துக்கு முன்னால் மனச்சாட்சியின் வேலையாகவே இருக்கிறது.

இவ்வளவும் எழுதக் காரணம் உண்டு. நம் குழு மாதந்தோறும் கூடுகிற, சிற்றிதழ்த் தொகுப்புகளை வைத்திருக்கிற வாடகை அறையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. நண்பர்கள் சிலர் மேற்சொன்ன ருசியில் செய்யலாம் என்றார்கள். விவாதம் இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது. முடிவில் சுவர்ப்பூச்சை உரிக்க வேண்டாம் என்று தீர்மானித்தோம். நல்ல பூச்சை உரித்துப் பழமையை வரவழைப்பது, தலைக்கு நரை பூசிக்கொள்வது போன்றது. இருந்த இரும்பு பீரோக்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. புத்தக அடுக்குகளுக்கு மட்டும், இடிப்பு ஒப்பந்தக்காரர் ஒருவரின் கிடங்கிலிருந்து தேக்குச் சட்டங்கள் வாங்கினோம்.

தச்சர் வந்து பார்த்துவிட்டு, ‘சார், மரம் விலை கம்மிதான், ஆனா என் கூலி கூடும்’ என்றார். பழைய சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆணி வாளின் பல்லை முறித்துவிடும். ஒவ்வொன்றையும் தேடிப் பிடுங்கிய பிறகே அறுக்க முடியும். புது ஒட்டுப்பலகையில் இரண்டு நாளில் முடியும் வேலை இதில் ஐந்து நாள் பிடித்தது. மொத்தச் செலவில் பெரிய லாபம் ஏதுமில்லை. ஆனால் அந்தச் செலவில் பெரும்பகுதி ஒரு தொழிற்சாலைக்குப் போகாமல் ஒரு மனிதரின் கைக்குப் போயிற்று. கழிவைப் பயன்படுத்துவது என்பது உண்மையில் பொருளைக் குறைத்து உழைப்பைக் கூட்டுவது. அந்த உழைப்புக்கு உரிய கூலியைத் தர மனமில்லாதவர்கள் புதுப்பலகையே வாங்கிக்கொள்ளட்டும். அடுக்குகளில் பிசின் தடவ வேண்டாம், திருகு மட்டும் போதும் என்றும் கேட்டுக்கொண்டோம். நாம் இந்த அறையைக் காலிசெய்யும் நாளில் யாரேனும் கழற்றி எடுத்துப்போகலாம்.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. திருமழபாடிக் கோயிலின் மையக் கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, அதன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கும்படி செய்தான். அவை இராசேந்திரன் காலத்தில் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. பிரிப்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டும் என்ற ஒழுக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் இருந்திருக்கிறது. அந்த அக்கறை இல்லாத திருப்பணிகளில், எழுத்துள்ள கற்கள் படிக்கட்டாகவும் தளவரிசையாகவும் தலைகீழாகப் பதிக்கப்பட்டதையும் நாம் பார்த்திருக்கிறோம். இரண்டுமே மறுபயன்பாடுதான்.

அலுவலகக் கூடத்தில் நிற்கும் கதவு எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தெருவில் எந்த ஆண்டு எந்த வீட்டை இடித்தபோது கிடைத்தது, இடிப்பதற்கு என்ன காரணம், யார் அதைத் தேய்த்துச் சீராக்கினார்கள் என்று எழுதி வைத்திருக்கும் அலுவலகம் ஒன்றையும் நாம் இதுவரை காணவில்லை. நம் அறையில் அதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். முதல் பக்கத்தில், சட்டங்கள் வந்த தெருவின் பெயரும், வீடு இடிக்கப்பட்ட மாதமும், தச்சரின் பெயரும், அவர் வாங்கிய கூலியும் எழுதப்பட்டிருக்கின்றன. வீட்டுக்காரரின் பெயர் கிடங்குக்காரருக்கு நினைவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறோம்.