கிளாரினெட் அயலதோ?

அருவங்காட்டுத் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் வளர்ந்த மாணவர் பலர்க்குக் கிளாரினெட் கலியாண ஊர்வலத்துப் பாண்டு வாத்தியமாகவே அறிமுகமாயிற்று. அவ்வூரினராகிய நம் மாணவர் ஒருவர், அதனைப் பிடிலோடு சேர்த்து வாசிக்கச் சென்ற ஆண்டு ஒரு சபையாரிடம் இடம் கேட்டார். ‘அஃது அயல் வாத்தியம், கமகம் பேசாது’ என்ற விடையே கிடைத்தது. அத்தீர்ப்பு தவறென்பது எமது கட்சி.

பிடில் மட்டும் உள்ளூர்ச் சரக்கோ? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் பயின்ற நாளில் அதுவும் கடல்கடந்து வந்ததே. கிளாரினெட்டும் 19-ஆம் நூற்றாண்டிலேயே சதிர்க் குழுவினரிடம் புகுந்து, முகவீணையின் இடத்தைப் பெற்றுவிட்டது. நீலகிரியிலே கோத்தர் ஊதும் ‘கொள்’ என்னும் சீவாளிக் குழலைக் கேட்டு வளர்ந்த செவிக்கு அதன் குரல் அத்துணைப் புதிதுமன்று.

கமகத்தைப் பற்றிய ஐயம் நியாயமானதே. ஹார்மோனியக் கட்டைகள் சுரத்தினின்று சுரத்துக்கு வழுக்கிச் செல்ல இடங்கொடா. அக்குறையையும் காட்டியே வானொலியார் 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்தனர். கிளாரினெட்டுக்கோ சாவிகளோடு விரலால் மூடும் துளைகளும் உண்டு. விரலை மெல்ல விலக்கியும், சீவாளியை உதட்டால் நெகிழ்த்தும் சுரத்தை வளைக்கலாம். மெய்யான இடர் வேறு. கூம்பிய குழலாகிய நாகசுரத்தில் சட்சமத்தின் விரலடைப்பை மாற்றாது அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயிச் சட்சமம் எழும். ஒரு முனை அடைபட்ட நேர்குழல் போன்ற கிளாரினெட்டிலோ, அதனையும் தாண்டி மேல் ஸ்தாயிப் பஞ்சமம் எழும். ஆகவே ஒரே இராகத்துக்கு இருவகை விரலடைப்புப் பழகல் வேண்டும். நாகசுரம் பயின்ற திருச்சிராப்பள்ளி ஏ. கே. சி. நடராஜன் அவர்கள் அவ்விடரை வென்று 2008-இல் சங்கீத கலாநிதியும், 2022-இல் பத்மஸ்ரீயும் பெற்றார்கள். சபையார் இதனை மறந்தனர் போலும்!

இனி மேனாட்டுச் செய்தியொன்று. ஒலிவியே மெசியான் என்னும் பிரெஞ்சு இசைப்புலவர் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாயிருந்த காலத்தில், உடனிருந்த கைதிகளை எண்ணிக் கிளாரினெட், பிடில், செல்லோ, பியானோ ஆகிய நான்குக்கும் ‘காலத்தின் முடிவிற்கான நால்வரிசை’யை இயற்றினார். வெளிப்படுத்தின விசேஷத்தின் 10-ஆம் அதிகாரம் அதற்கு வித்து. கெர்லிட்சு நகர முகாமிலேயே 1941 ஜனவரி 15-இல் அஃது அரங்கேறிற்று. அதன் மூன்றாம் பகுதியில் கிளாரினெட் தனியே பேசும். முதற்பகுதியில் பியானோ நடக்கும் தாளமோ, சார்ங்கதேவர் 13-ஆம் நூற்றாண்டில் ‘சங்கீத ரத்நாகர’த்துள் தொகுத்த தேசி தாளங்களில் மூன்றைக் கோத்தது! நம் தாளம் ஆங்குச் சென்று கிளாரினெட்டோடு வாழ்கின்றது. கிளாரினெட் ஈண்டுத் தந்திகளோடு வாழலாகாதோ?

பல சுரங்களை ஒருங்கே அடுக்கினால் இராகம் கலங்கும் என்பாரை யாமும் மறுக்கவில்லை. ஆயினும் கிளாரினெட், பிடில் இரண்டு, வீணை ஒன்று எனச் சிறு குழு அமைத்து, ஒன்று பாட ஒன்று விடையிறுக்குமாறு புதியன இயற்றுதல் நம் மாணவர்க்கு இயலாததன்று. இவ்வாண்டு விழாவில் அவ்வருவங்காட்டு மாணவர்க்குக் கால் மணி நேரமேனும் அளிக்குமாறு இசைச் சங்கத்தாரை வேண்டுகின்றோம். மலைக் குளிரிலும் ஈரத்திலும் மரக்குழல் வெடிப்பு விடும் என்று அவர் அஞ்சுகின்றார். நெடுநாள் உறைக்குள் கிடத்தலும் அதற்கு ஆகாதாம்.